தும்பிப் படம் போட்ட துணிக்கு உரியவருக்கு

ஓஸேநுமா ஏரிப் பாதையில் கால் பிசகிய என்னோடு நடந்த அம்மாவுக்கும், அன்று கை கொடுத்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா, உங்கள் பெயரை நான் கேட்கவே இல்லை. அத்தனை மணி நேரம் ஒன்றாக இருந்தும் கேட்கத் தோன்றவில்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதி, நீங்கள் தங்கிய ஏரிக்கரை விடுதிக்கு அனுப்பியிருக்கிறேன். வருஷா வருஷம் வருகிறவர் நீங்கள், எப்படியும் கைக்குக் கிடைத்துவிடும். ஆனாலும் என் மொழியில் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். நன்றி சொல்ல வேண்டிய நம் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த மடல்.

ஜூலை மாதம், நிக்கோகிசுகே என்ற மஞ்சள் ஆரஞ்சுப் பூ பூக்கும் நேரம். தோக்கியோவிலிருந்து முந்தின நாளே கதாஷினா கிராமத்துக்கு வந்து ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். தனியாகப் போகிறேன் என்றதும் விடுதிக்கார அம்மா உள்ளே போய் ஒரு பித்தளை மணியை எடுத்து வந்து என் பையில் கட்டிவிட்டார். கரடி உள்ள காடு அது. மணிச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது தானாக விலகிப் போய்விடும். கூடவே மூன்று சோற்று உருண்டைகள். அந்த மணியைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன், விடுதி அம்மாவுக்கு என் முதல் நன்றி.

காலையில் ஓஷிமிஸுவில் வேன் ஏறி இச்சினோஸே. அங்கிருந்து ஏறினால் 1,762 மீட்டர் உயரத்தில் சன்பெய் கணவாய். தாண்டி இறங்கினால் ஏரி. ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பலாம் என்று கணக்கு. கணவாய்க்கு வரும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது.

ஓஸே என்பது இந்த ஏரியும் சதுப்புநிலங்களும் சேர்ந்த பகுதி. அங்கே போனவர்களுக்கு அந்தப் பலகைப் பாதை தெரிந்திருக்கும். சதுப்பு மண்ணை மிதித்துவிடாமல் இருக்க, இரண்டு வரிசைப் பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். வலது பக்கம் நடக்க வேண்டும். மழையில் நனைந்தால் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும், அதுவும் சரிவில். இறக்கத்தில் இடது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கி, அப்படியே விழுந்தேன். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பலகை. அதில் எந்த வருஷம் போட்டது என்று சூடு வைத்துப் பொறித்திருந்தது. வலி ஏறும் வரைக்கும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போதுதான் பின்னால் உங்கள் மணிச் சத்தம் கேட்டது.

நீங்கள் பதறவில்லை. முதலில் பையை இறக்கி வைத்தீர்கள். என் ஷூவைக் கழற்றாதே, வீங்கிவிட்டால் திரும்பப் போட முடியாது என்று கையை ஆட்டிச் சொன்னீர்கள். கழுத்தில் இருந்த துணியை எடுத்தீர்கள். கருநீலத்தில் வெள்ளைத் தும்பிகள் போட்ட தெனுகுய், ஜப்பானியப் பருத்தித் துண்டு. அதை ஷூவுக்கு மேலேயே அடிப்பாதத்தில் கொடுத்து, குதிகாலுக்குப் பின்னால் குறுக்காக மாற்றி, முன்னால் இழுத்து முடிந்தீர்கள். எத்தனையோ முறை முடிந்து பழகிய விரல்கள். அப்புறம் ஒரு உமேபோஷியை, உப்பில் ஊறவைத்த காயை, என் வாயில் வைத்தீர்கள். நம்ம ஊர் உப்பு நாரத்தங்காயின் தம்பி மாதிரி ஒரு புளிப்பு. கண்ணில் நீர் வந்தது, வலியாலா அதனாலா தெரியவில்லை.

உங்கள் கைத்தடிகள் இரண்டில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு "யுக்குரி, யுக்குரி" என்றீர்கள். மெதுவா, மெதுவா. அன்று முழுக்க அந்தச் சொல்தான். கால் மணி நேரத்தில் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் நின்றால் நீங்களும் நின்றீர்கள், ஆனால் என்னைப் பார்த்து நிற்கவில்லை. ஏதோ ஒரு பூவையோ பாசியையோ பார்ப்பது போல நின்றீர்கள், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. அதை நான் கவனித்தேன் அம்மா.

ஏரிக்கரைக்கு வந்ததும் தூறல் விட்டது. ஹியுச்சிகதாகே மலையின் பாதி மட்டும் மேகத்துக்கு வெளியே தெரிந்தது. அந்த மலை வெடித்துச் சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி என்று தகவல் மையத்தில் பனிக்கட்டியும் ஒட்டுப்பட்டையும் கொடுத்த தம்பி சொன்னார். திரும்பிக் கணவாய் ஏற வேண்டாம், மறுபக்கம் நுமாயாமா கணவாய்க்குப் போனால் பாதை அவ்வளவு செங்குத்து இல்லை, பஸ் இருக்கிறது என்று வழி சொன்னதும் அவர்தான். போன் செய்து பஸ் நேரத்தை உறுதிப்படுத்தி, என் கையில் எழுதிக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

நான் தனியாகப் போய்விடுவேன் என்று எவ்வளவோ சொன்னேன். ஏரியைச் சுற்றத்தான் நீங்கள் வந்தது. அன்று இரவு அங்கேயே தங்கல். இருந்தும் பையை விடுதியில் போட்டுவிட்டு என்னோடு கிளம்பிவிட்டீர்கள்.

ஓயே சதுப்புநிலம். மான்கள் தின்றுவிடாமல் வேலி போட்டுக் காக்கிறார்கள். உள்ளே கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் ஆரஞ்சுப் பூக்கள். ஒரு பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், நாளைக்கு வேறு பூ என்று விரலால் காட்டிச் சொன்னீர்கள். அப்புறம் ஒரு மேட்டைக் காட்டி, அங்கே ஹிரானோ குடும்பத்தின் கல்லறை இருக்கிறது என்று கைகூப்பினீர்கள். "ரோடு வருவதாக இருந்தது. இங்கேயே." உங்கள் எளிய வார்த்தைகளில் பாதிதான் அப்போது புரிந்தது. மீதியை வீட்டுக்கு வந்து படித்தேன்.

இந்த ஏரிக்கரையில் ஹிரானோ சோஸோ அமைத்த விடுதியை மூன்றாம் தலைமுறையாக நடத்தியவர் ஹிரானோ சோசெய். இந்த ஏரிப் பக்கமாக வண்டிச் சாலை போடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1971 ஜூலையில், புதிதாகத் தொடங்கியிருந்த சுற்றுச்சூழல் முகமையின் தலைவர் ஓயிஷி புயிச்சியை நேரில் போய்ப் பார்த்து முறையிட்டார். ஓயிஷி ஓஸேக்கே வந்து நடந்து பார்த்தார். சாலை நின்றது. அந்த டிசம்பரிலேயே, மலையிலிருந்து இறங்கும் வழியில் பனியில் சிக்கி, 36 வயதில் சோசெய் இறந்துபோனார். காலையில் நான் வேனில் வந்த இச்சினோஸே ரோடு, அப்படிப் பாதியில் நின்ற சாலையின் மிச்சம். அந்தச் சாலை வந்திருந்தால் எனக்குக் கார் கிடைத்திருக்கும், சீக்கிரம் ஊர் சேர்ந்திருப்பேன். வராமல் போனதற்குத்தான் நன்றி சொல்கிறேன், அந்த மேட்டில் இருப்பவருக்கும் சேர்த்து. வருஷா வருஷம் பலகை மாற்றிப் போடும் தச்சர்களுக்கும்தான். வழுக்கியது மழையால், பலகை ஒன்றுகூட ஆடவில்லை.

பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்த பிறகும் நீங்கள் போகவில்லை. டிரைவரிடம் போய் ஏதோ சொன்னீர்கள். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் அவர் தானே என் பையைத் தூக்கி வந்து நடைமேடை வரை விட்டார். நன்றி ஐயா.

இனி நம் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தரும் அக்கா, "ஆஷி ஓ குஜிகிமாஷிதா" என்று ஒரு வரியை மலைக்குப் போகுமுன் மனப்பாடம் செய்ய வைத்தீர்களே, கால் பிசகிவிட்டது என்று, அன்று என் வாயில் வந்த முதல் வரி அதுதான். நிஷிகசாய் அண்ணா, அண்ணி, ரயிலில் இருந்து ஒரு போன்தான் செய்தேன். இரவு அசாகுசா ஸ்டேஷனில் இரண்டு பேரும் நின்றீர்கள், பிளாஸ்க்கில் ரசத்தோடு. மறுநாள் மருத்துவமனைக்கும் கூட வந்தீர்கள். எலும்பு முறியவில்லை, தசைநார்தான். இப்போது நன்றாக நடக்கிறேன்.

அம்மா, கைத்தடியைப் பஸ் நிறுத்தத்தில் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், துணியை வாங்கவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தும்பிகளில் ஒன்றின் மேல் மட்டும் சேற்றுக் கறை போகவில்லை. அடுத்த ஜூலையில், பூக்கும் அதே வாரம், அந்த விடுதியில் எனக்கும் ஒரு இடம் சொல்லி வைக்கப்போகிறேன். வாசல் பெஞ்சில் இருப்பேன். இந்த முறை பெயரைக் கேட்டுவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் கைத்தடியை ஊன்றி நடந்தவள்
தோக்கியோ