தின்னர் தொட்டுத் துடைக்கச் சொன்னீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். காரின் பிளாஸ்டிக் பாகங்களில் பெயிண்ட் பறந்து ஒட்டியிருந்தால், துணியில் கொஞ்சம் தின்னர் (பெயிண்டை இளக்கும் கரைப்பான்) தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று ஒரே வரி. எந்தப் பிளாஸ்டிக், என்ன பெயிண்ட், ஒட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. பெயிண்ட் போய்விடும், சரி. கூடவே என்னவெல்லாம் போகும் என்று யாரும் யோசிக்கவில்லையா?

காரைக்குடியில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளத்தூரிலிருந்து ஒரு டிரைவர் தம்பி வந்து நின்றார். ஆச்சி வீட்டில் கல்யாணம். வாசல் கிரில்லுக்கு கம்ப்ரசர் வைத்து ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். தெருவில் நின்ற காரின் ஒரு பக்கம் பூராவும் பொடிப் பொடியாகப் பெயிண்ட். தம்பி நீங்கள் சொன்னபடியே தின்னரை எடுத்து ஹெட்லைட்டைத் துடைத்துவிட்டார். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். துணி சுற்றிய இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெள்ளை மங்கல், ஓரத்தில் மயிரிழை விரிசல். சைடு மிர்ரர் மூடியோ இளகிக் காய்ந்து, துணியின் நெசவு அதில் அப்படியே பதிந்திருந்தது. "அண்ணே, பேப்பர்லயே போட்டிருந்தாங்கண்ணே" என்றார். அச்சில் வந்ததை நம்பிய பிள்ளையை நான் என்ன சொல்ல? ஆச்சியிடம் போய் அவர் என்ன பதில் சொல்வார்?

இப்போது வரும் ஹெட்லைட்டில் கண்ணாடி கிடையாது, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் மேல் வெயில் தாங்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. தின்னர் பட்டால் அந்தப் பூச்சும் கெடும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் விரிசல் விடும். வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துப் பாலிஷ் அடித்தால் மங்கல் குறையும். ஆனால் பூச்சு போன லைட் நம் ஊர் வெயிலில் மஞ்சள் பூக்காமல் என்ன செய்யும்? மிர்ரர் மூடி, காரின் முன் கிரில் எல்லாம் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். தின்னரில் அது இளகிவிடும். பம்பர் பி.பி. (பாலிபுரொப்பிலீன்) வகை, தின்னரில் கரையாது. ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் சொரசொரப்பாக வரும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் தின்னர் தொட்டால், இளகிய பெயிண்ட் அந்தச் சொரசொரப்புக்குள் இறங்கி வெளுப்பாக நின்றுவிடும். பாகத்தின் பின்பக்கம் திருப்பினால் என்ன வகை என்று எழுத்தே பதித்திருக்கும். அதைப் பார்க்கச் சொல்லவாவது உங்கள் கட்டத்தில் இடம் இருந்திருக்கும்.

இது முதல் தடவையாக இருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். முன்பு வீட்டுக் குறிப்பு என்று, ஆத்தங்குடிக் கல்லில் கறை படிந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று போட்டீர்கள். அந்தக் கல் சிமெண்டும் வண்ணப்பொடியும் சேர்த்து வார்ப்பது. ஆசிட் பட்டால் பூ வேலையே அரித்துப் போகும். எங்கள் பக்கம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தே தலைமுறை தலைமுறையாக மின்னுகிற தளம் அது. அப்போதும் எழுதினேன். அந்தக் கடிதம் வரவே இல்லை. செட்டிநாட்டுச் சிறப்பிதழ் என்றால் மட்டும் கேமராவோடு வந்துவிடுகிறீர்கள். கந்தரப்பமும் உப்புக்கறியும் பர்மாத் தேக்குத் தூணும் படம் படமாக வருகின்றன. வரட்டும், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் இதே ஊரில்தான் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வேதியியல் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமா? கைத்தொழில்காரனைக் கேட்க மனமில்லாவிட்டால், படித்தவர்கள் யாருக்காவது ஒரு போன் போட்டிருக்கலாமே. எங்களைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கேட்க வேண்டுமா?

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பெயிண்ட் பறந்தது தெரிந்த உடனே ஷாம்பூ தண்ணீரில் கழுவிவிட வேண்டும். முழுக்கக் காயாத பெயிண்ட் பாதி அதிலேயே வந்துவிடும். ஹெட்லைட், பெயிண்ட் அடித்த பம்பர் போன்ற வழவழப்பான இடத்தில் ஷாம்பூ தண்ணீர் தெளித்து, கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் கிளேயை (பிசைந்த களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் ஓட்ட வேண்டும். புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் கிளேயில் ஏறி வருவது கண்ணுக்கே தெரியும். மடித்து மடித்துப் புதுப் பக்கத்தால் ஓட்டினால் கீறல் விழாது. சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் கிளே வேண்டாம், அதுவே குழிக்குள் அப்பிக்கொள்ளும். அங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் உள்ளங்கை அகலம் மட்டும் தேய்த்து, காயும் முன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் தொட்டுப் பார்ப்பது கட்டாயம். ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த பெயிண்ட் நன்றாகக் காய்ந்துவிட்டால் இதற்கும் அசையாது. அப்போது பிளாஸ்டிக் பிரைமர் கொடுத்து அந்தப் பாகத்துக்குப் புதிதாகக் கறுப்பு அடிப்பதே வழி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே ஞாயிறு, அதே பக்கம், அதே அளவுக் கட்டத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: ஹெட்லைட்டிலும் மிர்ரர் மூடியிலும் தின்னர் தொடக்கூடாது என்று. இடம் போதாவிட்டால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள். திருத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்,
காரைக்குடி