தேன் ‘தனே’ ஆகாமலிருக்க

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சாக்கு ஒன்றும் இல்லை, சோம்பல்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை நீ விடாததால் சின்னவன் இன்னும் உன்னைப் ‘பாமினி மாமா’ என்றுதான் சொல்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் காது மந்தமானதும், அவருடைய பணிநிறைவு விழா வீடியோவுக்கு நீயே உட்கார்ந்து தமிழில் சப்டைட்டில் தட்டியிருக்கிறாய் பார், அதற்காக உன்னுடைய பழைய பாக்கி அத்தனையும் தள்ளுபடி. புது டிவி வேண்டாம், அந்த 21 இஞ்ச் பெட்டியும் டிவிடி ப்ளேயரும் போதும் என்று அவர் அடம் பிடிப்பதும் நியாயம்தான். அந்த ரிமோட்டில் அவருக்கு எல்லாப் பட்டனும் கைப்பழக்கம்.

பென் டிரைவில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். ப்ளேயருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது, அவ்வளவுதான். டிஸ்க்காக எழுதினால் கட்டம் போய்விட்டது, ஆனால் ‘தேன்’ என்பது ‘தனே’ மாதிரி வருகிறது என்றாயே, அங்கேதான் கதையே இருக்கிறது.

டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாகப் போவதில்லை, படமாகப் போகிறது. ஒவ்வொரு வசனமும் நாலே நிறத்தில் வரைந்த ஒரு குட்டிப் படம். ப்ளேயர் அதை வீடியோ மேல் ஒட்டிக் காட்டும், வாசிக்காது. ஆகவே அந்தப் படத்தை வரைகிற நிரலுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். உன் கோப்பில் த முதலில், இரட்டைக் கொம்பு அதற்கப்புறம், பிறகு ன், இந்த வரிசையில்தான் கிடக்கும். கொம்பைத் தூக்கித் த-வுக்கு முன்னால் வைப்பது வரைகிறவன் வேலை. ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய நிரல் கொம்பை இருந்த இடத்திலேயே வரைந்துவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது அடுத்த ன-வோடு ஒட்டிக்கொள்ளும். ‘கொ’, ‘போ’ எல்லாம் இதைவிடக் கேவலம். நீ எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தாய் அல்லவா, அது வீண். எழுத்துரு சரி, வரைகிற கைதான் சரியில்லை. போதாக்குறைக்கு நாலு நிறத்தில் விளிம்பைச் சரியாக மழுப்ப முடியாது, வளைவெல்லாம் ரம்பப் பல்லாகும். புள்ளி தெரியாவிட்டால் தமிழில் மிச்சம் என்ன இருக்கிறது!

அதனால் தனிச் சப்டைட்டிலை மறந்துவிடு. வீடியோவிலேயே எழுத்தைப் பதித்துவிட்டு அப்புறம் டிவிடி ஆக்கு. விரும்பினால் அணைக்கிற வசதி போய்விடும். அப்பா எதற்கு அணைக்கப் போகிறார்?

சப்டைட்டில் எடிட் நிரலில் வீடியோ மெனுவுக்குள் சப்டைட்டிலைப் பதித்து வீடியோ உருவாக்கும் வசதி இருக்கிறது. வீடியோவை மாற்றித்தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் வேண்டும் என்று கேட்டால் சரி சொல். அது தமிழை ஒழுங்காக வரையும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, தடித்த எழுத்து, வெள்ளை, கறுப்பு விளிம்பு. மஞ்சள் வேண்டாம், விழாவில் மின்விளக்கும் சாமந்தி மாலையும்தான் பாதித் திரை.

அளவில்தான் நீ ஏமாறுவாய். கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிகிற எழுத்து அந்தப் பெட்டியில் எறும்பாகிவிடும். பால் (PAL) எனும் நம் ஊர் டிவி முறையில் டிவிடி படம் 720க்கு 576 புள்ளி. அகலப் படத்தைப் பழைய 4:3 பெட்டியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு காட்டும்போது படத்துக்கு மிஞ்சுவது 432 வரிதான். உன் 1080 உயர வீடியோவில் எழுத்தளவு 84 வைத்தால் அங்கே சுமார் 34 வரி வரும். அதற்குக் கீழே போகாதே. பழைய பெட்டிகள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் கீழே 60, பக்கத்துக்கு 130 புள்ளி இடம் விடு. ப்ளேயர் செட்டப்பில் டிவி வடிவம் ‘லெட்டர் பாக்ஸ்’ என்று இருக்கட்டும். ‘பான் ஸ்கேன்’ என்றிருந்தால் பக்கவாட்டில் வெட்டும், வாக்கியத்தின் தலையும் வாலும் போய்விடும்.

வரிக்கு இருபது, இருபத்திரண்டு எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி. ஒவ்வொன்றும் மூன்று நொடியாவது நிற்கட்டும். படிக்கிற வேகம் அதிகம் என்று நிரல் சிவப்புக் காட்டினால் பதறாதே. ‘பேச்சு’ நமக்கு மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஆறு. கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்.

பாமினி விஷயம். விழாவின் முதல் பாதியைப் பழைய பழக்கத்தில் பாமினியில்தானே தட்டியிருப்பாய்? யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். மாற்றிவிட்டு, தமிழைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமி. நோட்பேடில் ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்தால் வெறும் கேள்விக்குறிதான் மிஞ்சும், திரும்பவும் தட்ட வேண்டியதுதான்.

உன் மருமகன் போனில் எடுத்த துண்டுகளைத் தனியாக வை. போன் வீடியோவில் நொடிக்கு எத்தனை படம் என்பது நிலையாக இருக்காது; 30 என்று சொல்லும், வெளிச்சம் குறைந்தால் இறங்கும். அப்படியே சேர்த்தால் போகப் போக வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் போட்டு நொடிக்கு 25, ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து மாற்று. வசனத்துக்கு நேரம் குறிப்பது அதற்கப்புறம். வீடியோக்காரர் கொடுத்தது 25 தானா என்றும் பார்த்துக்கொள். ஏற்கெனவே குறித்த நேரம் தப்பினால் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சோதி. இரண்டிலும் ஒரே அளவு பிசகு என்றால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும். பிசகு வளர்ந்துகொண்டே போனால் படவேகம்தான் காரணம்.

பிறகு டிஸ்க் தயாரிக்க டிவிடி ஸ்டைலர் நிரல். பால், 16:9, ஒலிக்கு ஏசி3, 48 கிலோஹெர்ட்ஸ். நேராக டிஸ்க்கில் எழுதாமல், முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக இருக்கும் ஐஎஸ்ஓவாக எடுத்து விஎல்சியில் ஓட்டிப் பார். மூன்று மணி நேர விழாவை ஒரே டிஸ்க்கில் திணிக்கும் உன் புத்தி எனக்குத் தெரியும், பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டவன்தானே நீ. 4.7 ஜிபியில் மூன்று மணி நேரம் என்றால் ஒலியும் சேர்த்து நொடிக்கு மூன்றரை மெகாபிட்கூடத் தேறாது. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி இருக்கும். ஒரு டிஸ்க்குக்கு 90 நிமிடம், இரண்டு டிஸ்க். வீடியோவுக்கு ஆறு, ஆறரை மெகாபிட் கிடைக்கும். எட்டுக்கு மேல் ஏற்றாதே, வீட்டில் எழுதிய டிஸ்க்கில் பழைய ப்ளேயர் திக்கும்.

டிவிடி-ஆர் வாங்கு, 4 மடங்கு வேகத்தில் எழுது, முடிந்ததும் சரிபார்க்கச் சொல். மேலே காகித லேபிள் ஒட்டாதே, சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். முதலில் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் எழுதி அப்பாவின் நாற்காலியில் நீயே உட்கார்ந்து பார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது.

ஒன்று சொல்ல வேண்டும், மாப்ளே. அந்த விழாவில் கடைசியாகப் பேசியது நம் தமிழய்யா. அதற்கப்புறம் அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. மற்றவர்கள் பேச்சைச் சுருக்கிக்கொள், யாரும் கேட்கப் போவதில்லை. ஐயா பேச்சில் ஒரு சொல்லைக்கூடச் சுருக்காதே. அவர் வாக்கியம் நீளம்; வேற்றுமை உருபைப் பெயரிலிருந்து பிரிக்காமல், மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்து உடை. நீ சந்தியில் கோட்டை விட்டால் அவர் படத்துக்குள்ளிருந்தே முறைப்பார்.

அந்தப் பேச்சின் கோப்பை மட்டும் எனக்கு அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். இந்த முறை மூன்று வாரம் ஆகாது.

உன்
மச்சான்