ஏழு கிலோவுக்குள் இரண்டு மாதம்

அன்பு மகளுக்கு,

இரண்டு மாதப் பயணத்துக்கு, விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிற கேபின் பெட்டி மட்டும்தான் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா, "துணி போதுமா, போதுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தாராளமாகப் போதும். இரண்டு வாரமானாலும் இரண்டு மாதமானாலும் ஒரு வாரத்துக்கான துணிதான் வேண்டும். அதற்கு மேல் துவைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் துணி எடுக்கும்போது எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதை முதலில் பார். ஜீன்ஸ் பேன்ட்டை ராத்திரி துவைத்தால், காலையில் பேன்ட்டின் கால்கள் காய்ந்திருக்கும், இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் சில்லென்று ஈரமாகவே இருக்கும். மெல்லிய பாலியஸ்டர் கலப்புத் துணிக்கு அந்தத் தொல்லை இல்லை. மெரினோ என்ற ஆட்டின் மெல்லிய கம்பளியில் செய்த டீ-ஷர்ட் விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு மூன்று நாள் போட்டாலும் வாடை அடிக்காது. துவைத்ததை நன்றாகப் பிழிந்து, உலர்ந்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டு. அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்து. மிச்ச ஈரத்தைத் துண்டு இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஹேங்கரில் மாட்டினால் விடிவதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

அடுத்தது எடை. பல விமான நிறுவனங்கள் கேபின் பெட்டிக்கு 7 கிலோதான் தருகின்றன. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். கிட்டத்தட்ட பாதி அங்கேயே போச்சு! முதுகுப்பையாக இருந்தால் ஒரு கிலோ சொச்சத்தில் முடிந்துவிடும். நீளம், அகலம், உயரம் அளவு எடுக்கும்போது சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து எடு. நடுவில் வேறு நிறுவனத்தின் விமானம் மாறுவதாக இருந்தால், யாருடைய விதி கறாரோ அதற்கேற்ப அடுக்கு. கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே ஏறிவிடு.

திரவங்களுக்கு இன்னும் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதிதான். புட்டியின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி புட்டியின் அடியில் கொஞ்சமே ஒட்டிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவார்கள். சோப்பு, ஷாம்பு இரண்டையும் கட்டியாக எடுத்துக்கொண்டால் அந்தக் கவலையே இல்லை.

பவர் பேங்க் கட்டாயம் கேபினில்தான் வர வேண்டும். 100 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கின் மேல் 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 74 வாட் அவர்தான். ஆனால் ஒன்று: விமானம் நிரம்பி வழிந்தால் ஏறும் வாசலிலேயே பெட்டியை வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது பவர் பேங்கை வெளியே எடுத்தாக வேண்டும். அதையும் பாஸ்போர்ட், மருந்து, மாற்றுக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே சின்னப் பையில் போட்டு மேலாகவே வை. மருந்தை அட்டையோடு எடு, மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று நீ எடுத்து வைக்கும் மற்ற எல்லாவற்றையும் திரும்ப அலமாரியில் வைத்துவிடு. குடை, ஹேர் டிரையர், மூன்றாவது செருப்பு எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால் போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் அடுக்கியபின் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்கிப் பார். மூச்சு வாங்கினால் இரண்டாவது செருப்பையும் எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா