புயல் விதியைத் திருத்தித் தந்த அக்காவுக்கு

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், ரியூசன் முடிந்து காலியான அறையொன்றில் ஆளாளுக்குப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நகர்த்தும் எங்கள் கதைவிளையாட்டின் புதிய விதிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு வள்ளத்தில் போகும் கதை. வருவதாகச் சொன்ன ஒருவர் வரவில்லை. ஆள் குறைந்தால் வள்ளம் நகராது.

பக்கத்து வகுப்பில் இருந்த மகளுக்காக வாசலில் காத்திருந்த நீங்கள், "நான் வந்து இருக்கட்டோ?" என்றீர்கள் அக்கா. விதிகளை விளக்க வாயெடுத்தால், "பொறுங்கோ, வாசிச்சு விளங்குதோ பாப்பம்" என்று தடுத்தீர்கள். சோதனைக்கு அதுதானே வேண்டும்! விளையாட்டை வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் நாங்கள் போய் விளக்க முடியாது.

புயல் வந்தால் இரண்டு பகடையில் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வள்ளம் கவிழ்ந்துகொண்டே இருந்தது, பெடியள் சிரித்தார்கள். நீங்கள் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினீர்கள்: 36 சேர்க்கைகளில் 6 தான் தேறும், கதையில் வரும் மூன்று புயலையும் தாண்ட 216இல் ஒரு வாய்ப்பு. 7 அல்லது அதற்கு மேல் என்று வைத்தால் 36இல் 21 தேறும். சரி, மாற்றிவிட்டோம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறு. முந்திப் பேசுகிறவருக்கே முறை என்று விதி. ஓரத்தில் இருந்த தம்பி வாயே திறக்கவில்லை. நீங்கள் உங்கள் முறையில், "தம்பி, பாயை இறக்குவமோ, விடுவமோ?" என்று அவரைக் கேட்டீர்கள். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை! இப்போது முறை வட்டமாகச் சுற்றுகிறது.

மகள் வந்ததும் போய்விட்டீர்கள், பெயர் கேட்கவும் நேரமில்லை. விதிப்புத்தகத்தில் சோதித்தவர்களின் பெயர் வரும் பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். இதைக் கண்டால் வந்து பெயரைச் சொல்லுங்கோ அக்கா. மிக்க நன்றி.