‘சிஸ்டம் வேலை செய்யேல்ல, நாளைக்கு வாங்கோ’

ஆசிரியர் அவர்களுக்கு,

மாங்குளத்தில் கொம்பியூட்டர் திருத்துகிறவன் நான். கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிவதால் அலுவலக வாசல்களில் காத்து நிற்கும் சனத்தை நித்தம் காண்கிறேன். அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்த வசனத்தைத்தான் தலைப்பாக எழுதியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு நாளும் அந்தப் பதிலோடு திரும்பிப் போன அம்மா ஒருவர், ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து பஸ் ஏறி வந்தவர். மூன்றாம் நாள்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இன்டர்நெட் லைன் பழுது, கம்பனிக்கு அறிவித்தாயிற்று என்றார்கள். பக்கத்து மேசையில் ஒரு தம்பி அதே லைனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்! கவுண்டர் மெஷினில் மட்டும் எதைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. திரையின் வலது மூலையைப் பார்த்தேன். திகதி 2015 ஜனவரி 1.

மெஷினுக்குள் இருக்கும் முக்கிய பலகையான மதர்போர்டில் ஒரு நாணயம் அளவில் பற்றரி இருக்கும். சீ.ஆர். 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரம் மணிக்கூட்டை ஓட்டுவது அதுதான். அது செத்துப் போயிருந்தது. இடி மின்னலுக்குப் பயந்து பின்னேரம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள் (நல்ல பழக்கம், விட வேண்டாம்). விடிய மெஷின் 2015இல் கண் விழிக்கிறது. இணையத்தளங்கள் தாங்கள் அசல்தான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. 2015இல் நிற்கிற மெஷினுக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. பிறகு எப்படி நம்பும்? பற்றரி மாற்றப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

எனக்கு வயிறெரிந்தது வேறு விஷயத்துக்கு. எனக்கு முதல் வந்தவர் வைரஸ் என்று சொல்லி அந்த மெஷினை ஃபோர்மட் பண்ணி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போயிருக்கிறார். “தம்பி, டெஸ்க்டொப்பில வைச்ச கடிதமெல்லாம் எங்கே?” என்று அலுவலர் கேட்டபோது நான் என்னத்தைச் சொல்ல?

இன்னோரிடத்தில் முழு நெட்வேர்க்கும் படுத்துவிட்டது. ரவுட்டரையும் புதிதாக வாங்கிவிட்டார்கள். ஸ்டோர் அறையில் நெட்வேர்க் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியான சுவிட்சைப் பார்த்தால் எல்லா லைட்டும் ஒரேயடியாகப் படபடக்கிறது. கூட்டித் துடைத்த யாரோ, தொங்கிய வயர் நுனியை நல்லெண்ணத்தில் காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறார். மற்ற நுனியும் அதே சுவிட்சில்தான். போன தரவே சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிட்டது. வயரைக் கழற்றினேன், அவ்வளவுதான்.

அலுவலகத் தலைவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கொப்பி வாங்கி வையுங்கள். எந்த மெஷின், எத்தனை மணிக்கு, திரையில் என்ன வந்தது, அதற்கு முதல் யார் எதைத் தொட்டது என்று எழுதுங்கள். பக்கத்து மெஷினில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு லைனைக் குறை சொல்லுங்கள். கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுக்காமல் யாரையும் ஃபோர்மட் பண்ண விடாதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி.

அந்த அம்மாவின் அலுவல் நாலாம் நாள்தான் முடிந்தது. அதற்கும் பஸ் காசு அவருடையதுதான்.

கொம்பியூட்டர் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.