சபை நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், ஆயரம்மா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மாருக்கும், வாலிபருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். 2024 ஏப்ரல் தொடங்கி 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அண்ணன் அடுத்து வாசிப்பார் என்பதால் தொகைகளை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது வழக்கம்போல நோட்டுப் புத்தகமும் சீருடைத் தையல் கூலியும் கொடுத்தோம். மாலை நேர டியூஷன் வாரம் ஐந்து நாளும் நடந்தது. மாதாந்தர மருத்துவ உதவி ஒரு மாதமும் நிற்கவில்லை. அக்டோபரில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் நாள். பெரம்பூரில் நமக்கு வயல் ஏது, வரப்பு ஏது! ஆனாலும் மொட்டை மாடித் தொட்டியில் காய்த்த கத்தரிக்காய், வீட்டோரத்து முருங்கைக்காய், நாட்டுக்கோழி, கேக், ஊறுகாய் என்று பீடத்தின் முன்னால் இடமில்லாமல் நிறைந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஏலம் எடுத்தவர் திரும்பவும் ஏலத்துக்கே கொடுக்க, அது நாலு கை மாறிப் பெருந்தொகை சேர்த்தது. அந்த ஏலப் பணத்தில் ஒரு பகுதியை டிசம்பர் மழைக்கென்று தனியே எடுத்துவைக்கக் கமிட்டி அன்றே தீர்மானித்தது. அது எத்தனை நல்ல தீர்மானம் என்பது சில வாரங்களிலேயே தெரிந்தது.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அன்று சென்னையில் நாள் முழுக்க மழை. விமான நிலையத்தையே மூடினார்கள். மறுநாள் காலை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பலிபீடத்தில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றியபோது, வியாசர்பாடிப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களிலிருந்து வர வேண்டிய குடும்பங்கள் பல வரவில்லை. ஆராதனை முடிந்ததும் வாலிபர் கிளம்பிவிட்டார்கள். அறுப்பின் பண்டிகைப் பணம் கையில் இருந்ததால் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் சாம்பார் சாதம், குடிநீர் கேன், குழந்தைகளுக்குப் பால் பாக்கெட், போர்வை எல்லாம் போய்ச் சேர்ந்தன. நம் ஊரில் கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருக்கும் வாரங்கள் வடகிழக்குப் பருவமழையின் வாரங்களும்கூட. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று ஒவ்வொன்றையும் இந்த மண்டபம் பார்த்திருக்கிறது. ஆகவே மழை நிதியை ஆண்டுதோறும் அக்டோபரிலேயே ஒதுக்கிவைக்க வேண்டுமென்று இந்தப் பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவருகிறோம்.

இனி, இந்த ஆண்டில் நடந்தவற்றில் நான் பெரிதென்று கருதும் காரியத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தில் நெடுங்காலமாக இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று கொடுப்பவர் பெயர்கள், இன்னொன்று பெறுபவர் பெயர்கள். இந்த ஆண்டு அவை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

அதற்குக் காரணமானவர் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர். அரசு தரும் முதியோர் உதவித்தொகையிலும் நம் மாதாந்தர உதவியிலும் வாழ்கிறவர். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் ஸ்தோத்திர காணிக்கைக் கவர் ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே நூறு ரூபாய். வெளியே, “கிறிஸ்துமஸ் உதவிக்கு” என்று பேத்தி கையால் எழுதியிருந்தது. நம்மிடம் உதவி பெறுகிறவரிடமே எப்படி வாங்குவது, திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். அவர் மேலுள்ள பாசத்தால்தான் அப்படிச் சொன்னார்கள். நேரில் போய்ப் பேசினோம். பாட்டியம்மா கேட்டார்: “நான் வாங்குறப்ப நீங்க யாரும் கணக்கு கேட்கலையே ஐயா. கொடுக்கிறப்ப மட்டும் ஏன் கேட்கிறீங்க? ஆண்டவர் எனக்கு இந்த வருஷமும் கண்ணு தெரிய வச்சிருக்காரு. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு உரிமை கிடையாதா?”

ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே, தங்கள் உதவியையும் ஏற்றுக்கொள்ளும்படி பவுலிடம் மிகவும் வேண்டிக்கொண்டார்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் சொல்கிறது. அவர்களும் அனுமதி கேட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏழை ஒருவரின் காணிக்கையை இரக்கப்பட்டுத் திருப்பித் தருவது, நன்றி சொல்ல வந்தவரை வாசலிலேயே நிறுத்துவது ஆகும் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரே நோட்டு என்று முடிவானது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் பெற்றதும் இருக்கும், கொடுத்ததும் இருக்கும், உழைத்ததும் இருக்கும். அந்த நோட்டு செயலாளரையும் பொருளாளரையும் தவிர வேறு யார் கைக்கும் போகாது.

இதனால் என்ன மாறியது என்று கேட்பீர்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரிகிறது. சென்ற ஆண்டு வாடகை உதவி பெற்ற ஆட்டோ ஓட்டும் தம்பி, இந்த டிசம்பர் முழுக்க முதியோரை டயாலிசிஸுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் கூலி வாங்காமல் அழைத்துப் போனார். கணவரை இழந்து நம் உதவியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு அக்கா, உதவிப் பொருள்களுக்கான துணிப் பைகள் அனைத்தையும் தன் மிஷினில் தைத்துத் தந்தார். ரயில் பெட்டி செய்யும் கோச் ஃபாக்டரியில் நல்ல வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஆண்டுதோறும் முதல் நன்கொடை அவருடையதாகவே இருக்கும். மனைவியை இழந்தபின் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் டியூஷன் பிள்ளைகளோடு மண்டபத்தில் சாப்பிடுகிறார், அவர்களுக்குக் கணக்கும் சொல்லித் தருகிறார். பழைய முறையில் அவர் பெயர் ஒருநாளும் இரண்டாம் நோட்டில் ஏறியிருக்காது.

கிறிஸ்துமஸ் பையிலும் மாற்றம் செய்தோம். இதற்கு முழுக் காரணம் பெண்கள் ஐக்கிய சங்கம். என்ன வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லாரும் கொடுப்பதும் அரிசிதான். வீட்டில் தட்டுப்பாடாக இருப்பது துவரம் பருப்பு, நல்லெண்ணெய், கேஸ் சிலிண்டருக்கான பணம், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், மழையில் நனைந்துபோன பள்ளிப் பைக்குப் பதில் ஒரு பை. அரிசியைப் பாதியாகக் குறைத்து இவற்றைச் சேர்த்தோம். கிறிஸ்துமஸ் உதவிப் பொருள்களைக் காணிக்கையாகக் கொண்டுவரும் ஒயிட் கிஃப்ட் ஞாயிறன்று எல்லாப் பொருளும் வெள்ளைத் தாளில் சுற்றியே வந்தன. எது பெரிய வீட்டிலிருந்து வந்தது, எது சிறிய வீட்டிலிருந்து வந்தது என்று பீடத்தின் முன் நின்ற எனக்கே தெரியவில்லை. பைகளை மேடையில் வைத்துக் கொடுக்கவில்லை, படம் எடுக்கவில்லை. வாலிபர் இரவில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் பவனி டிசம்பர் நடுவில் தொடங்கி ஐந்து வட்டாரங்களிலும் நடந்தது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை வாலிபர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். கேரல் காணிக்கை முழுவதும் மருத்துவ உதவிக்குப் போனது.

ஒரு இரவைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் மெட்ரோ இரண்டாம் கட்டச் சுரங்க வேலை நடப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்யும் வடமாநிலத் தம்பிமார் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்கு இந்த முறை கேரல் குழு போனது. ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த சிலர், ராஞ்சியில் 1845இல் கோஸ்னர் மிஷனரிகள் தொடங்கிய லுத்தரன் சபையின் பிள்ளைகள். நாம் தமிழில் பாடி முடித்ததும் அவர்கள் தங்கள் ஊர் மொழியில் பாடினார்கள். வாசலில் கேரல் கேட்டு எத்தனை வருஷமோ என்று ஒருவர் கண்கலங்கினார். நம் குழு கேக் கொடுத்தது. அவர்களோ தங்களுக்குள் பணம் திரட்டிக் கேரல் பெட்டியில் போட்டார்கள். வாங்கிக்கொண்டோம், அவர்களுக்கும் நோட்டில் ஒரு பக்கம் திறந்தோம். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் அவர்களுக்கென்று இந்தியில் ஒரு வேதபாடம் வாசிக்கப்பட்டது. ஆயர் ஐயாவுக்கு இதற்காகத் தனி நன்றி.

டிசம்பர் 26, ஸ்தேவான் திருநாள். எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் சில விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அந்தப் பணிக்காகத் தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரில் முதலாமவர் அவர். அதனாலேயே நம் அன்பின் விருந்தை 25இலிருந்து 26க்கு மாற்றினோம். புயலுக்குப் பிறகு நம் தெருக்களைத் துப்புரவு செய்த தூய்மைப் பணியாளர்களை விருந்தினராக அழைத்தோம். அவர்களில் பெரும்பாலோர் நம் சபையார் அல்ல. இலை போட்டு, உட்காரவைத்து, கமிட்டியாரே பரிமாறினார்கள். சுனாமி வந்து அன்றோடு இருபது ஆண்டு. 2004இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டிலிருந்து நம் சபைக்கு வரும் குடும்பத்தார், அன்று தங்களுக்கு முதல் வேளைச் சோறு கொடுத்தவர்கள் முன்பின் தெரியாத மனிதர்கள் என்று சாட்சி சொல்லி, அந்த விருந்துக்கான மீன் முழுவதையும் தாங்களே தந்தார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு நாம் பட்டிருக்கும் நன்றியும் பெரிது. மழை நாளில் ஜெனரேட்டர் தந்தவர் எதிர்ச்சாரிப் பாய் வீட்டுக்காரர். கிறிஸ்துமஸுக்கு அதிரசமும் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்குமாகத் தட்டுகள் தெரு முழுக்கப் போயின. எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பவில்லை. இந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய நம் லெந்து காலமும் ரம்ஜான் நோன்பும் மார்ச் முதல் வாரத்தில் ஒட்டியே தொடங்கின. நோன்புக் கஞ்சி நம் டியூஷன் பிள்ளைகளுக்கும் வந்தது.

செய்ய வேண்டியதும் இருக்கிறது. கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போன நம் குடும்பங்கள் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறார்கள். பண்டிகைக்கு வரவே பாதி நாள் ஆகிறது. மாதம் ஒருமுறை அங்கே போய் ஜெபக்கூட்டம் நடத்தவும், மருந்துகளை நேரில் கொடுக்கவும் ஒரு குழு வேண்டும். போகத் தயாராக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாலிபர் ஐக்கியச் செயலரிடம் பெயர் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் அவசியம் கொடுங்கள்.

ஆண்டு முழுவதும் துணைநின்ற ஆயர் ஐயாவுக்கும், கமிட்டியாருக்கும், மண்டபத்தை எந்த நேரத்திலும் திறந்துவிட்ட ஆலயப் பணியாளர் அண்ணனுக்கும், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கொடுத்த அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. மழை நிதித் தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
பெரம்பூர், சென்னை