எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் மரக்கன்று கொடுப்பதும் தொடங்கிவிடும். இம்முறை எங்கள் வீதிக்கு மகோகனிக் கன்றுகள் வந்தன. நிழல் எதுவானாலும் நிழல்தான், குறை சொல்லவில்லை. சவண்டலை இல்லையா என்று மட்டும் கேட்டேன். கன்று கொண்டுவந்த தம்பி, "அது என்ன மரம் ஐயா?" என்று என்னையே கேட்டார்.

ஆங்கிலேயர் காலத்து மர வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்றால் சவண்டலைதான். சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறியது. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நிற்க, ஆளையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தவை. அலை மோதும்போது பலகை வளைந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் காட்டு மரத்தைத் தேடினார்கள். வேடிக்கை என்னவென்றால், 'திருகோணமலை' என்றே பெயரிட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. அதில் எங்களுடையது பெயர் மட்டும்தான்.

என் தகப்பனார் தச்சர். "முதிரை அழகு, பாலை பாரம், வளையச் சொன்னால் வளைவது சவண்டலை" என்பார். வண்டியின் ஏர்க்காலுக்கும் கோடரிப் பிடிக்கும் வேறு மரத்தைத் தொடமாட்டார். தென்னஞ்சாராயத்தை முதிரவைக்கும் பீப்பாய்களும் இந்த மரத்தில் செய்பவையே. அதை அவர் சொல்லவில்லை, நானாக அறிந்துகொண்டேன்.

வளர்ப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. காய்க்கு ஆறு சிறகு. முற்றினால் காற்றில் சுழன்று போய்விடும். விதையில் உள்ள மயிர் தோலில் ஏறினால் அரிப்பு லேசில் அடங்காது. விதைத்தோலும் கடினம். முதல் தடவை அப்படியே விதைத்து ஏமாந்தேன். அடுத்த தடவை கொதித்து இறக்கிய நீரில் போட்டு, ஆறும்வரை ஊறவிட்டு விதைத்ததில் சில முளைத்தன. இரண்டை வளவில் நட்டேன். ஒன்றை எங்கள் நகரத்து மான்கள் மேய்ந்துவிட்டன. மற்றதற்கு முள்வேலி போட்டேன். மகள் பிறந்த ஆண்டில் நட்ட மரம் அது. இப்போது அவளுக்கே பிள்ளைகள். பூவரசிலை போன்ற இலையோடு கூரையைத் தாண்டி நிற்கிறது.

நாற்றுமேடை வைத்திருப்பவர்கள் மகோகனிக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி சவண்டலைக்கும் ஒதுக்கட்டும். பாடசாலை வளவுகளில் இரண்டிரண்டாவது நடட்டும். கன்றோடு கூண்டும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் நடுவது மான்களுக்குத்தான்.

அந்தத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: காய் முற்றும் காலத்தில் வந்தால் வேண்டிய அளவு விதை பொறுக்கிக்கொள்ளலாம். கையுறையோடு வரவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை